தினா எழுதாத வரி

"வெள்ளையாவே நிக்குதுக்கா," என்றான் தினா.

மடிக்கணினியின் திரையைச் சொன்னான். கோல சிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டயாலிசிஸ் நிலையம் அது. காலை முறைக்கு வந்தவர்களோடு என் தம்பியும் சாய்வு நாற்காலியில் கிடந்தான். வலக்கையில் இரண்டு ஊசிகள், இரண்டு குழாய்கள். ஒன்றின் வழியே ரத்தம் போய்க்கொண்டிருந்தது, மற்றதன் வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்கக்கூடாது. இடக்கை விரல்களால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான்.

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கணினியை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். எங்களுக்குள் அப்படி ஒரு பங்கீடு. மென்பொருள் எழுதுவது அவன், அதை நிறுவிக் கொடுப்பது நான். தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எழுத்தே இல்லாத வெள்ளைப் பக்கம் வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குப் பழக்கம். வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் பி.எச்.பி என்ற நிரல்மொழி பழைய பதிப்பாகக் கிடந்தது. தினாவின் நிரலுக்கு அது போதவில்லை. பதிப்பை மாற்றினேன். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன்.

அடுத்த நாற்காலியிலிருந்து மாரியப்பன் அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பக்கத்து ஊரான ஈஜோக்கைச் சேர்ந்தவர். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர்.

"என்னா தம்பி, படம் வரலியா?"

"வந்துருச்சுண்ணே."

திரையில் 'வாங்க, எழுதுங்க' என்று இரண்டு சொற்கள் தெரிந்தன. அந்த அறையில் எப்போதும் காடியும் பிளீச்சும் கலந்த நெடி இருக்கும். குளிருக்கு எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள். அந்தக் குளிரில் என் தம்பியின் முகம் கொஞ்ச நேரம் நோயாளியின் முகமாக இல்லை.

பெரட்டு

அந்த மென்பொருளுக்கு அவன் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன்னே லயம் என்ற வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார், மேஸ்திரியான மண்டோர் வேலை பிரிப்பார். அந்தக் கூட்டத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். தினா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது அவன் இடுப்புக் குழந்தை.

பெரட்டு ஒரு விக்கி. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைத் தொடங்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். நிரலையும் அவன் பூட்டி வைக்கவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், மாற்றிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தான். பிரேசிலில் இருந்து முகம் தெரியாத ஒருவர் பிழைகளைத் திருத்தி அனுப்புவார். அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

"ஏற்கெனவே இவ்ளோ விக்கி மென்பொருள் இருக்கே, நீ எதுக்குடா புதுசா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல தண்ணின்னு தேடுனா தண்ணீர் வராதுக்கா. தண்ணியிலன்னு எழுதியிருந்தாலும் வராது. நம்ம ஆளுங்க பேசுற மாதிரிதான எழுதுவாங்க."

எப்படி எழுதினாலும் கண்டுபிடித்துத் தரும் தேடலுக்காகவே சில வருடங்களைக் கொட்டினான். வேலைக்குப் போய்வந்த பிறகு செய்தான். பிறகு வேலைக்குப் போக முடியாமல் ஆனது. அப்போதும் செய்தான்.

போன வாரம் எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் பற்றி எழுதியிருந்தேன். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை தருவாரே, அவர். அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்று அவர்தான் முதலில் சொன்னார். சொன்னாரே தவிர, அது என்ன செய்யும், எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஒருவரும் அப்பாவிடம் விளக்கவில்லை. கால் போனது, பார்வை போனது. கடைசிவரை அப்பா அதைத் தன் தலையெழுத்து என்றே நினைத்திருந்தார். அதே நோய் தினாவுக்கும் வந்து, கிட்னியில் போய் நின்றது. நாற்காலியில் படுத்த முதல் வாரமே அவன் சொன்னான்: "இங்க உள்ளவங்களுக்குத் தெரிஞ்சது ஒவ்வொருத்தர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா கெடக்கு. யாரும் சேத்து வைக்கல."

அதற்காகத்தான் பெரட்டை அங்கே நிறுவினோம்.

ஒரு விரல்காரி

அவர்கள் எழுதினார்கள். நான் எதிர்பார்க்கவில்லை.

'தாகம்' என்று ஒரு பக்கம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள் ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்வது எப்படி என்று அதில் இருந்தது. உருளைக்கிழங்கை ஊறவைத்துப் பொட்டாசியச் சத்தைக் கழிப்பது எப்படி என்று இன்னொன்று. ஈஜோக்கிலிருந்து ஆள் ஏற்றிவரும் வண்டிக்காரர் யார், எந்தக் கடையில் சொன்னால் உப்பில்லாமல் மீ கோரெங் நூடுல்ஸ் போடுவார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். மாரியப்பன் அண்ணனுக்கு எழுத வராது. அவர் சொல்லச்சொல்ல அவர் மனைவி லெட்சுமி போனில் அடித்துப் போடுவார். வீட்டுக்குப் போனபிறகு மற்றவர்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவதும் லெட்சுமிதான்.

எல்லாரையும்விட அதிகம் எழுதியது சரோஜாக்கா. புக்கிட் பெலிம்பிங்கில் தனியாக இருந்தார். பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்தவர், கணவர் இறந்து வெகுகாலம். ஒரே விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுவார். நாற்காலியில் கிடக்கும் நான்கு மணி நேரமும் அவருக்கு அதுதான் வேலை. "நான் போனப்புறமும் இது இருக்குமா தம்பி?" என்று கேட்டார். "இருக்கும்க்கா. இதுல எதுவுமே அழியாது," என்றான் தினா.

அது உண்மை. பெரட்டில் அழிக்கும் பொத்தான் கிடையாது. ஒரு வரியை நீக்கினாலும் பழைய வடிவம் எழுதியவர் பெயரோடு உள்ளே பத்திரமாக இருக்கும். இந்த நாட்டில் நம்முடையது நிறைய அழிந்துவிட்டது, நானும் ஒரு அழிப்பானைச் செய்ய வேண்டாம் என்பான்.

அங்கே நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்ஸிக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது.

"தினா, சாப்பாடு மருந்து விஷயமெல்லாம் யாராச்சும் பாத்துட்டுப் போடுற மாதிரி வச்சா நல்லது லா."

"செய்றேன் மிஸ்ஸி. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எழுதிக்கொண்டுதான் இருந்தான். சாப்பாடு, மருந்து பற்றிய பக்கங்களில் யார் எழுதினாலும் மிஸ்ஸி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியே தெரியும் வசதி அது. பாதி முடிந்திருந்தது. அந்த நேரத்தில் ஊசி ஏற்றும் இடத்தில் கிருமி தொற்றி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட, அவனைக் கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்தோம். கணினி வீட்டில் மூடிக் கிடந்தது. நான் மருத்துவமனை வராந்தாவில் கிடந்தேன்.

விக்கல்

வீடு திரும்பிய அன்று காலையில் சாப்பாட்டு மேசையிலேயே கணினியைத் திறந்தான். நான் அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நிற்கத் தெம்பில்லாதவன், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

திரையில் பிரஷர் பற்றிய பக்கம் திறந்திருந்தது. அடியில் புதிதாக மூன்று வரி இருந்தது.

'பிரசர் கூடுனா பெலிம்பிங் சூஸ் குடிக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அதுலதான் கொறச்சாரு. நம்ம பக்கம் மரத்துல காய்ச்சுக் கெடக்கு, பறிச்சு அடிச்சுக் குடிங்க.'

வெளியே பெயர் தெரியாது, உள்ளே பார்த்தால் சரோஜாக்கா எழுதியது. அந்த 'ஒருத்தர்' அவர் கணவர், அவருக்குக் கிட்னி நன்றாக இருந்தது. கிட்னி போனவர்களுக்கு அந்தப் பழம் விஷம். முதலில் விக்கல் வரும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு வலிப்பு வரும். இதை நிலையத்தில் சொல்லாமல் இல்லை. முதல் நாளே ஒரு தமிழ்த் துண்டுத்தாள் கொடுப்பார்கள். அதில் கூடாதவற்றுக்கு முதல் வரியில் 'நட்சத்திரப் பழம்' என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பழத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு அது பெலிம்பிங். ஒரு ஊருக்கே அந்தப் பெயர். துண்டுத்தாளை அப்படியே பெரட்டில் ஏற்றியிருந்தோம். தண்ணியையும் தண்ணீரையும் ஒன்றாக்கிய தினாவின் தேடலுக்கு நட்சத்திரப் பழமும் பெலிம்பிங்கும் ஒன்று என்று தெரியாது.

அவன் வரிசையாக ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டான். மாரியப்பன் அண்ணன் வீட்டில் லெட்சுமி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அவருக்கு நேத்து மத்தியானத்துலேர்ந்து விக்கல் தம்பி. நிக்கவே மாட்டுது. சீனி குடுத்துப் பாத்தேன்."

"பெலிம்பிங் குடிச்சாராக்கா?"

"ஆமா, பெரட்டுல போட்டிருந்துச்சே, பக்கத்து வீட்டு மரத்துல பறிச்சேன். ரெண்டு நாளா அடிச்சுக் குடுக்குறேன். பிரஷரு ரொம்ப ஏறிக் கெடந்துச்சு. ஏன் தம்பி?"

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பெலிம்பிங் குடிச்சாருன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க. குளிப்பாட்டிக்கிட்டு நிக்காதீங்க, இப்பவே."

மருமகன் காரில் கொண்டுபோனார். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப ரத்தம் கழுவினார்கள். மாரியப்பன் அண்ணன் கண் திறக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

இல்லாத பொத்தான்

மாரியப்பன் அண்ணனின் உடலை எடுப்பதற்கு முந்தைய மணி நேரங்களில் தினா என்ன செய்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அழிக்கும் பொத்தானை எழுதினான்.

அந்த வரியை நீக்குவது எளிது. அது போனில் பேசி முடித்த கையோடு நடந்துவிட்டது. ஆனால் எழுதியவர் பெயர் உள்ளே இருந்தது. நிலையத்து நிர்வாகிகள் 'யார் எழுதியது என்று எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். அழியாமல் இருக்கவென்றே அவன் கட்டிய இடத்தில், ஒரு பெயரைத் தேடிப்பிடித்து இல்லாமல் ஆக்குவதற்கு அவனே நிரல் எழுதினான். சோதித்துப் பார்த்தான். ஓட்டினான்.

"சர்வர்லயே நேரா அழிச்சிருக்கலாமே," என்றேன்.

"பேக்கப்புலயும் போகணும்க்கா. எங்கயும் இருக்கக்கூடாது."

ஈஜோக்கில் மாரியப்பன் அண்ணன் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மேளச் சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் லெட்சுமி எழுந்து தினாவிடம் வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அத யாரு எழுதுனது? எனக்குத் தெரியணும்."

நிலையத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தோம். எனக்குப் பக்கத்தில் சரோஜாக்கா. அவர் கை என் கையில் உரசிக்கொண்டிருந்தது, சில்லென்று இருந்தது.

"நான்தான்க்கா," என்றான் தினா.

லெட்சுமி அவனைப் பார்த்தார். பிறகு வசைபாடத் தொடங்கினார். அந்தச் சொற்களை இங்கே எழுதமாட்டேன். ஒன்றைத் தவிர: "ஒன் பொழப்பும் இதே மாதிரி நடுவுல அறுந்து போகணும்." தினா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரோ லெட்சுமியைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். நான் சரோஜாக்காவைத் திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

நிலையத்தில் பெரட்டை அன்றே நிறுத்திவிட்டோம். நிலையத்து நிர்வாகிகளும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

புக்கிட் பெலிம்பிங்கில்

அடுத்த முறை சரோஜாக்கா ரத்தம் கழுவ வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. மிஸ்ஸி போன் செய்தால் எடுப்பதில்லை. நானும் தினாவும் போனோம்.

கதவு திறந்தே இருந்தது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒக்காரு தம்பி. ஒக்காரும்மா."

"வண்டி கொண்டாந்திருக்கோம். போவோம்க்கா," என்றான் தினா.

"நான் வரல."

"சரோஜாக்கா, அது நீங்க வேணும்னு செஞ்சதில்ல."

"எனக்குத் தெரியும். நல்லதுன்னுதான் எழுதுனேன்." மூச்சுக்காக நிறுத்தினார். "அன்னிக்கி நீ ஏன் அப்படிச் சொன்ன?"

தினா சோபாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் சொல்லத்தான் நின்னேன். வாய எடுத்தேன். நீ முந்திக்கிட்ட. அதுக்கப்புறம் அத்தன பேருக்கு முன்னால நான் எப்படிச் சொல்றது? சொன்னா நீ பொய் சொன்னவனாயிருவ. நீ நல்ல புள்ள தம்பி. ஆனா எனக்கு ஒரு வழி இருந்துச்சு, அத நீ அடச்சிட்ட."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்பு போதவில்லை என்பது மாதிரி சொன்னார்.

நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம். தினா தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. மிஸ்ஸியை வரவழைத்தோம், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டோம். புத்தி தெளிவாக இருக்கிற ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினில் மாட்ட யாருக்கும் உரிமையில்லை. சில நாட்களில் அவர் போய்விட்டார். மருமகள் முறை ஆகும் ஒரு பெண் வந்து காரியம் செய்தாள்.

திரும்பிவரும் வழியில் தினா சொன்னது ஒன்றுதான். "காப்பாத்துறேன்னு நெனச்சு அவங்க வாயப் பொத்திட்டேன்க்கா."

அதன்பிறகு அவன் ஒரு வரி நிரல் எழுதவில்லை. நாற்காலியில் கிடக்கும்போது கணினி கொண்டுபோவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மிஸ்ஸி தொலைக்காட்சியைப் போட்டுவிடுவார், அவன் பார்ப்பதில்லை. ஒரு தீபாவளி கழிந்தது. அடுத்த தீபாவளிக்கு முன் ஒரு மத்தியானம் மெஷினில் இருக்கும்போதே இதயம் நின்றது. லெட்சுமியின் சொல் பலித்துவிட்டது என்று அன்று நான் நினைத்தேன். நோய் இருந்தது, இதயம் பலவீனம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் நினைத்தேன்.

பெரட்டின் நிரல் இணையத்தில் இன்னும் கிடக்கிறது. கொஞ்ச நாள் முன்பு அந்தப் பிரேசில்காரர் கேட்டிருந்தார்: இதை இப்போது யாராவது பராமரிக்கிறீர்களா? நான் பதில் போட்டேன். எழுதியவர் இறந்துவிட்டார், எனக்கு நிறுவ மட்டும்தான் தெரியும் என்று. அவர் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செந்தோசாவில் ஒரு மாலை

லெட்சுமி இப்போது புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். என் தம்பி செய்யாத ஒன்றுக்கு ஏச்சு வாங்கிக்கொண்டே செத்தான் என்பது என்னை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் யாருக்கும் கேடில்லை என்று நினைத்தேன்.

கூடத்தில் பேரப்பிள்ளைகளின் பள்ளிச்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நிறைய நரைத்திருந்தது. என்னை உட்காரச் சொன்னார், மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"லெட்சுமிக்கா, அந்த வரிய எழுதுனது தினா இல்ல."

"தெரியும்," என்றார். சட்டையை மடிக்கும் கை நிற்கவில்லை. "சரோஜாக்கா அன்னிக்கே போன் பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரர எடுத்துட்டுப் போயி, சொந்தக்காரங்கல்லாம் கலைஞ்சப்ப."

மைலோ டம்ளரைக் கீழே வைத்தேன். எங்களுக்குத் தெரியாமல் சரோஜாக்கா சொல்லியிருக்கிறார். தினா அடைத்ததாக அவர் சொன்ன வழியை அவரே தட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்னா சொன்னாங்க?"

"நான்தான் எழுதுனேன் லெச்சுமி, என்னைய மன்னிச்சிரு அப்படின்னாங்க. அழுதாங்க. நான் ஒண்ணும் சொல்லல. போன வச்சிட்டேன்."

மடித்ததை அடுக்கினார். அடுக்கியதை மறுபடி பிரித்து மடித்தார்.

"அவங்க மெஷினுக்குப் போகலன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு நாள் போன கையிலயே வச்சிருந்தேன்மா. எடுத்துப் பேசணும், போயிட்டு வாங்கக்கான்னு ஒரு வார்த்த சொல்லணும். அந்த நேரத்துல சொல்ல வரல. எனக்கு அவரு போயிட்டாரு. அதுக்குமேல ஒண்ணும் தெரியல."

"தினாவுக்கு இது தெரியாதுக்கா."

"தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் என்னையப் பாக்க வரலன்னு நெனச்சேன்."

அவன் இவர் முகத்தில் விழிக்கப் பயந்து வரவில்லை. சரோஜாக்காவிடம் பேசாததற்கான கோபம்தான் அவன் வராதது என்று இவர் எடுத்துக்கொண்டார். ஈஜோக்குக்கும் கோல சிலாங்கூருக்கும் ஒரு அரை மணி நேரப் பயணம்தான்.

சிலாங்கூர் மழை வழக்கம்போல மாலையில் பிடித்துக்கொண்டது. வாசல் தகரத்தில் அடித்த சத்தத்தில் இருவருமாக மிச்சச் சட்டைகளை மடித்தோம்.

கிளம்பும்போது கேட்டேன். "பத்திரிகையில எழுதிக்கிட்டு இருக்கேன். இதையும் எழுதட்டுமாக்கா? பேரெல்லாம் மாத்திருவேன்."

அவர் கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"எழுதுங்க," என்றார். "நான் போன வச்சதையும் எழுதுங்க."